முன்னாடியே எடுத்து வைத்தது

எங்கள் ஊரில் அந்த வருடங்களில் கம்ப்யூட்டருக்கு என்ன வந்தாலும் ஒரே வைத்தியம், பார்மட் அடிப்பது. மெதுவாக ஓடினால் பார்மட், பாட்டு கேட்காவிட்டால் பார்மட், பிள்ளைகள் எதையாவது அமுக்கித் தொலைத்தால் பார்மட். உள்ளே இருப்பதையெல்லாம் சுத்தமாகத் துடைத்துவிட்டு, ஒரு சி.டி.யைப் போட்டு மறுபடி முதலிலிருந்து ஏற்றுவதற்குத்தான் அந்தப் பெயர். விருத்தாசலத்தில் நாலைந்து பேர் இந்த ஒரு வித்தையை வைத்துக்கொண்டே டாக்டர் மாதிரி நடமாடினோம். அதில் ஒருவன் என் நண்பன், இன்னொருவன் நான்.

இரண்டு பேரும் செராமிக் டிப்ளமோ ஒன்றாகப் படித்தவர்கள். மூன்று வருடம் களிமண் கரைத்து, அச்சில் ஊற்றி, சூளைக்கு முன்னால் நின்று வெந்துவிட்டு, கடைசியில் இரண்டு பேருமே கம்ப்யூட்டர் பக்கம் தாவினோம். அவனுடைய அத்தாவுக்குக் கடைவீதியில் பாத்திரக்கடை. அப்பாவை அவர்கள் வீட்டில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவரிடம் கெஞ்சி ஜங்ஷன் ரோட்டில் ஒரு மாடி அறையைப் பிடித்து, உதிரி பாகங்களை வாங்கிக் கம்ப்யூட்டர் சேர்த்துத் தரும் கடை போட்டான். எனக்குக் கடை கிடையாது. ஒரு தோள்பை, அதில் பத்து சி.டி., ஓட்டை சைக்கிள்.

அவன் விண்டோஸ், நான் லினக்ஸ். இன்றைக்குச் சொன்னால் இதற்கெல்லாமா அடித்துக்கொண்டீர்கள் என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். அடித்துக்கொண்டோம். ஊரில் எல்லோரும் விண்டோஸ்தான் வைத்திருந்தார்கள், வேறொன்று இருப்பதே தெரியாது. ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக வந்த சி.டி.யில் எனக்கு லினக்ஸ் கிடைத்தது. யாருக்கும் சொந்தமில்லாதது, உலகம் முழுக்க ஆட்கள் சும்மாவே உட்கார்ந்து எழுதியது, வைரஸ் அண்டாது என்றெல்லாம் அதில் படித்தேன். எனக்குத் தலை கால் புரியவில்லை. மெனுவில் 'கோப்பு', 'திருத்து' என்று தமிழ் வந்ததைப் பார்த்த அன்று பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் முன்பின் தெரியாத ஆளுக்கெல்லாம் அதைச் சொன்னேன். பெண்ணாடம் சர்க்கரை ஆலைப் பக்கம் போக பஸ்ஸுக்கு நின்ற ஒருவர், "அதுல கரும்பு வெட்டு உத்தரவு வருமா தம்பி?" என்று கேட்டுவிட்டு ஏறிப் போனார்.

அந்த டீக்கடைதான் எங்கள் மைதானம். சாயங்காலம் ஆனால் அவன் ஒரு பெஞ்சு, நான் எதிர் பெஞ்சு. என் லினக்ஸின் அடையாளம் பென்குயின் என்பதால் அவன் எனக்கு வைத்த பேரே பென்குயின்தான். நானும் சும்மா இருக்கவில்லை. அவன் கடைக்குப் 'பார்மட் ஆஸ்பத்திரி' என்று நான் வைத்த பேர் ஊருக்குள் நன்றாகவே பரவியது.

தொழிற்பேட்டையில் பியூஸ் கட்டை செய்யும் ஒரு பீங்கான் கம்பெனி இருந்தது. அதன் ஆபீஸுக்கு யார் கம்ப்யூட்டர் போடுவது என்று போட்டி வந்தது. முதலாளி நியாயமான ஆள். இரண்டு பேரையும் உட்கார வைத்து, ஆளுக்கொரு டெலிவரி சலான் அடித்துக் காட்டச் சொன்னார். அவன் அடித்துக் கிழித்துக் கொடுத்தான். என் லினக்ஸுக்கு அங்கிருந்த பழைய பிரிண்டரின் பாஷை புரியவில்லை. ஏதேதோ கோடும் புள்ளியுமாக மூன்று பக்கம் கக்கிவிட்டு நின்றது.

அன்று சாயங்காலம் டீக்கடையில் அவன் எழுந்து நின்றே சொன்னான். "மாப்ளயோட பென்குயினுக்கு நீந்தத்தான் தெரியும்போல. சலான் அடிக்கத் தெரியல!" கடையே சிரித்தது. டீ மாஸ்டர்கூடச் சிரித்தார். நான் டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனேன். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. அந்தச் சிரிப்பை வீடு வரைக்கும் சுமந்துகொண்டு போகிற வயது.

அடுத்த வாரம் அவன் சாமான் வாங்கச் சென்னைக்குப் போயிருந்தபோது அவனுடைய அக்கா எனக்குப் போன் பண்ணினார்.

அக்காவைப் பற்றிச் சொல்லவேண்டும். எங்களைவிட மூன்று வயது மூத்தவர், தமிழ் எம்.ஏ. முடித்து எம்.பில். செய்துகொண்டிருந்தார். பீங்கான் ஷெட்டுகளில் வேலை செய்கிறவர்கள் பேசும் சொற்கள்தான் ஆய்வு. கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து பஸ் ஏறி வரும் பெண்கள் அச்சு வார்க்கும்போது, வர்ணம் அடிக்கும்போது என்ன பேசுகிறார்கள் என்று ஷெட் ஷெட்டாக உட்கார்ந்து எழுதி வந்தவர். சூளையில் விரிசல் விட்ட பொம்மையை அவர்கள் 'சிரிச்சிடுச்சு' என்பார்கள். மூன்று வருடம் அதே சூளைக்கு முன்னால் நின்ற எனக்கு அது காதில் விழுந்ததே இல்லை, அக்கா சொல்லித்தான் தெரியும். தம்பி சேர்த்துக் கொடுத்த கம்ப்யூட்டரில் அவரே தமிழ் டைப் பழகி, நூற்று நாற்பது பக்கம் அடித்து முடித்திருந்தார். இன்னும் மூன்று வாரத்தில் ஆய்வேட்டைக் கொடுக்கவேண்டும். வளைகுடாவில் வேலை பார்க்கும் மாப்பிள்ளைக்கு நிச்சயம் ஆகியிருந்தது. எம்.பில். முடித்துவிட்டுத்தான் கல்யாணம் என்று அத்தாவிடம் அழுது அடம்பிடித்து வாங்கிய வாக்கு. முடித்தால் காலேஜில் வேலைக்குப் போகலாம், மாப்பிள்ளை வீட்டிலும் அதற்குச் சரி என்றிருந்தார்கள்.

"தம்பி, பொட்டி நின்னு நின்னு போவுது. வைரஸுன்னு நெனக்கறேன். ஒரு மாசமா இவன்கிட்ட சொல்றேன், பாக்கறேன் பாக்கறேன்னுட்டு மெட்ராஸ் போயிட்டான். நீ வூட்டுக்கு வந்து கொஞ்சம் பாக்கறியா?"

பையைத் தூக்கும்போதே முடிவு பண்ணிவிட்டேன். வைரஸைச் சுத்தம் செய்ய நான் போகவில்லை. விண்டோஸ்காரனின் சொந்த வீட்டில், அவன் கையால் சேர்த்த மெஷினில், என் லினக்ஸை உட்கார வைக்கப் போனேன். அவன் சென்னையிலிருந்து வந்து பெட்டியைத் திறந்ததும் பென்குயின் நிற்க வேண்டும்.

அக்கா கதவைத் திறந்துவிட்டு, டீ போட்டு வரேன் என்று அடுப்படிக்குப் போனார். நான் சி.டி.யைப் போட்டு அதிலிருந்தே மெஷினைக் கிளப்பினேன். விண்டோஸைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. அதைத் திறப்பதையே தீட்டு மாதிரி நினைத்த காலம் அது. ஏற்றுவதற்கு முன்னால் லினக்ஸ் என்னிடம் ஒரு கேள்வி கேட்டது, முழு டிஸ்க்கையும் எடுத்துக்கொள்ளவா என்று. அப்போதுதான் ஆய்வு ஞாபகம் வந்தது. உட்கார்ந்த இடத்திலிருந்தே குரல் கொடுத்தேன்.

"அக்கா, உங்க ஆராய்ச்சி ஃபைலெல்லாம்?"

"அதெல்லாம் முன்னாடியே எடுத்து வச்சிட்டேன் தம்பி!"

கெட்டிக்கார அக்கா, ஏற்கனவே ஃப்ளாப்பியிலோ சி.டி.யிலோ எடுத்துப் பத்திரமாக வைத்துவிட்டார் என்று நினைத்தேன். ஆமாம் என்பதை அமுக்கினேன்.

டீயோடு வந்தவர் திரையைப் பார்த்தார். நீலமாக, காலியாக இருந்தது. "என்னா தம்பி இது? என் ஃபைலெல்லாம் எங்க? தேட வேணாம்னுதான முன்னாடியே எடுத்து வச்சிருந்தேன், வரிசையா அஞ்சு இருக்குமே?" என்று திரையில் அவை இருந்த இடத்தை விரலால் தொட்டுக் காட்டினார்.

முன்னாடி என்றால் முன்பே என்று நான் கேட்டேன். முன்னாடி என்றால் முன்பக்கம், திரையில் கண்ணுக்கு எதிரே என்று அவர் சொல்லியிருந்தார். இரண்டும் ஒரே சொல்தான். ஷெட்டுகளில் சொற்களைத் தேடி அலைந்தவருடைய ஆய்வு அவருடைய ஒரு சொல்லிலேயே போய்விட்டது. ஆனால் சொல்லின் மேல் பழியைப் போட எனக்கு உரிமை கிடையாது. நான் என்ன செய்யப்போகிறேன் என்று அவரிடம் சொல்லியிருந்தால் அவர் ஓடிவந்து தடுத்திருப்பார். நான் சொல்லவில்லை.

அந்த நிமிஷத்திலாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாய் தானாக வேறொன்றைச் சொன்னது. "வைரஸு எல்லாத்தையும் தின்னுடுச்சுக்கா. நா பாக்கும்போதே ஒண்ணுமில்ல. விண்டோஸுல இதான் தொல்ல." விண்டோஸுல என்பதை அழுத்திச் சொன்னது எனக்கே கேட்டது.

அக்கா என்னைப் பார்த்துக்கொண்டே டம்ளரை மேஜையில் வைத்தார். பிறகு அலமாரியில் தேடி ஒரு பழைய ஃப்ளாப்பியை எடுத்துக் கொடுத்தார். முதல் அத்தியாயம் மட்டும் அதில் இருந்தது. லினக்ஸில் திறந்தேன். அவர் டைப் செய்த தமிழ் எழுத்துரு அதில் கிடையாது, அதனால் கொம்பும் குறியும் வைத்த ஏதோ வெளிநாட்டு எழுத்தாகப் பக்கம் முழுக்க வந்தது. மேலே மட்டும் 'கோப்பு', 'திருத்து' என்று சுத்தமான தமிழ் இருந்தது. அக்கா டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

நண்பன் மறுநாள் வந்தான். வைரஸ் தின்று காலியான பிறகுதான் லினக்ஸ் ஏற்றினேன் என்று அவனிடமும் அதையே சொன்னேன். நம்பமாட்டான், சட்டையைப் பிடிப்பான் என்று பயந்தேன். அவன் சுவரோரம் உட்கார்ந்து, "ஒரு மாசமா சொன்னுச்சுடா அக்கா. நாந்தான் பாக்கல," என்று தலையில் அடித்துக்கொண்டான். இரண்டு நாள் தூங்காமல் எதையெதையோ போட்டு மீட்கப் பார்த்தான். பழையதன் மேல் புதியதை ஏற்றியாகிவிட்டது, ஒன்றும் வரவில்லை. நான் பக்கத்திலேயே உட்கார்ந்து ஸ்க்ரூடிரைவர் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

நோட்டுப் புத்தகங்கள் இருந்தன. ஆனால் நூற்று நாற்பது பக்கத்தை மூன்று வாரத்தில் மறுபடி யோசித்து எழுத யாராலும் முடியாது. கல்யாணத்தை முடித்துவிட்டுப் பார்த்துக்கொள்ளலாம் என்று அத்தா சொன்னார். கல்யாணம் முடிந்தது. அக்கா விமானம் ஏறினார். ஆய்வை யாரும் பார்த்துக்கொள்ளவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் என்னால் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை. நண்பன் விண்டோஸை விட்டுவிட்டான். கடையில் ஒவ்வொரு மெஷினாக லினக்ஸுக்கு மாற்றினான். பாதிப் பேர் வேறு கடைக்குப் போனார்கள், அவன் கவலைப்படவில்லை. நல்லூர் பக்கம் ஸ்கூலு ஸ்கூலாகப் போய் இலவசமாகச் சொல்லிக் கொடுத்தான். போகிற இடத்தில் எல்லாம், "விண்டோஸு எங்க அக்காவோட படிப்பையே தின்னுடுச்சு சார்," என்று ஆரம்பிப்பான். நான் எத்தனை டீ குடித்து, எத்தனை வாதம் பண்ணியும் ஜெயிக்க முடியாததை ஒரு பொய் ஜெயித்துக் கொடுத்தது. எனக்கோ சென்னையில் வேலை கிடைத்தது. ஆபீஸில் விண்டோஸ்தான். முதல் நாளே பழகிவிட்டேன்.

ஆறேழு வருடம் கழித்து அக்கா லீவில் வந்திருந்தபோது நானும் ஊரில் இருந்தேன். லேப்டாப் ஏதோ மக்கர் பண்ணுகிறது, வந்து பார் என்று கூப்பிட்டார். நண்பன் வழக்கம்போல விண்டோஸைத் திட்டிக்கொண்டே இருந்தவன், அக்கா பொண்ணு ஐஸ்கிரீம் கேட்டதால் அவளைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனான்.

"இதுல முக்கியமா எதுனா இருக்குதாக்கா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் முன்னாடியே எடுத்து வச்சிட்டேன் தம்பி," என்றார். கொஞ்சம் நிறுத்தி, "பென் டிரைவுல," என்றார்.

நான் லேப்டாப்பிலிருந்து நிமிர்ந்து அவரைப் பார்த்தேன்.

"அன்னிக்குக்கூட நீ வந்து பெல்லடிக்கற வரைக்கும் அதத்தான் அடிச்சிட்டிருந்தேன். நாலாவது அத்தியாயம். மூடிட்டு வந்துதான் கதவத் தொறந்தேன். அதுக்குள்ளாற வைரஸு எப்பிடி தம்பி தின்னிருக்கும்?"

"ஏன்க்கா அவன்கிட்ட சொல்லல?"

"சொன்னா அந்த நூத்தி நாப்பது பக்கமும் திரும்பி வந்துடுமா? எனக்குப் படிப்பு போச்சு, அவனுக்குக் கூட்டாளியும் போவணுமான்னு வுட்டுட்டேன். நீயா வந்து சொல்லுவன்னு பாத்தேன்." அவர் குரலில் கோபம் இல்லை, அதுதான் தாங்கவில்லை. மன்னிச்சிடுங்கக்கா என்றேன். "எங்கிட்ட என்னாத்துக்கு? அவன்கிட்ட சொல்லு. தன்னாலதான் போச்சுன்னு இன்னும் நெனச்சிட்டிருக்கறான் பைத்தியம்."

சாயங்காலம் அவன்தான் என்னைப் பஸ் ஸ்டாண்டில் விட பைக்கில் கூட்டிப் போனான். பழைய டீக்கடை வந்ததும், "மாப்ள, நிறுத்து. உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்," என்றேன். அவன் ஓரமாக நிறுத்தித் திரும்பிப் பார்த்தான்.

"என்னாடா, ஆபீஸு விண்டோஸ வுட்டுட்டு மறுபடி நம்ம பக்கம் வரப்போறியா?"

அவ்வளவு ஆசையாகக் கேட்டான்.

"ஆமா," என்றேன்.

அவன் என் தோளில் கை போட்டு உள்ளே கூட்டிப் போய், பென்குயின் திரும்பி வந்துடுச்சு என்று டீ மாஸ்டரிடம் சத்தமாகச் சொல்லி, இரண்டு டீ சொன்னான்.