தெரியாத நம்பர்

தெரியாத நம்பர் என்றால் ஆரோக்கியமேரி இரண்டாவது மணியிலேயே எடுத்துவிடுவார். ஸ்பீக்கரைப் போட்டு, போனைப் பருப்பு டின்மேல் சாய்த்துவிட்டு மறுபடி காய் நறுக்குவார். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஓர் ஆலையின் கேன்டீனில் அவருக்குச் சமையல் வேலை.

பார்சலில் போதைப்பொருள், ஆதார் முடக்கம் என்று எதிராளி மிரட்டுவதையெல்லாம் பொறுமையாகக் கேட்பார். அவன் மூச்சுவிடும் இடத்தில் நுழைவார். "அது கெடக்கட்டும் சார். உங்காண்ட ஜோஷ்வான்னு ஒரு புள்ள கீறானா? எளாவூருக்காரன். எடது புருவத்துல தழும்பு இருக்கும்."

உடனே இணைப்பு அறுந்துவிடும்.

ஜோஷ்வா அவர் மகன். டைப்பிங் வேலை என்று தாய்லாந்துக்கு அழைத்துப்போன ஏஜென்ட், ஆற்றைக் கடத்தி மியான்மரில் ஒரு கட்டடத்தில் விட்டுவிட்டான். போனில் ஆட்களை ஏமாற்றுவதுதான் அங்கே வேலை. கழிவறையில் ஒளிந்துகொண்டு ஒரே ஒருமுறை பேசினான். அதன்பிறகு பேச்சில்லை. போலீஸில் கொடுத்த புகாருக்கும் பதிலில்லை. இப்படிக் கூப்பிடுகிறவர்கள் எல்லாரும் அந்த ஒரே கட்டடத்தில்தான் இருக்கிறார்கள் என்பது மேரியின் நினைப்பு.

"மேரிக்கா, பேங்க்ல கீற டப்பெல்லாம் உருவிக்கினு போய்டுவானுங்க" என்பாள் கூட வேலை செய்யும் நர்மதா.

"இன்னாத்த உருவுவான்? சம்பளம் வந்த அன்னிக்கே எடுத்துடறேன். அக்கவுண்ட்ல கீறது பேலன்ஸ் இல்லடி, பேஜாரு."

பிரஷர் மாத்திரையை ஒருநாளும் விட்டதில்லை. வேளைக்குச் சாப்பிடுகிறார். "நான் படுத்துக்கினா, வர்றவனுக்கு யாரு கஞ்சி ஊத்தறது?"

போன வாரம் 'இன்ஸ்பெக்டர்' ஒருவன் கூப்பிட்டான். "நீங்க டிஜிட்டல் அரெஸ்ட்ல இருக்கீங்க." இளங்குரல், அதட்டல் மட்டும் பெரியது. மேரி வழக்கம்போல ஜோஷ்வாவைக் கேட்டார்.

அவன் துண்டிக்கவில்லை. குரல் இறங்கியது. "இங்க யாரு நெசப்பேரும் தெரியாதும்மா. எல்லாருக்கும் வேற பேரு வெச்சிருக்காங்க. போனை வெச்சிடாதீங்க. சீக்கிரம் கட்டாயிட்டா அடிப்பாங்க."

மேரி கத்தியைக் கீழே வைத்தார். "சாப்ட்டியா நைனா?"

பக்கத்தில் யாரோ வந்துவிட்டார்கள் போலும், அதட்டல் திரும்பியது. "எத்தனை பேங்க்ல அக்கவுண்ட் இருக்கு? மறைக்காம சொல்லுங்க."

மேரி போனை வாயருகே இழுத்துக்கொண்டார். கண்ணில் ஒரு சொட்டு இல்லாமல், அவன் பின்னால் நிற்பவனுக்கும் கேட்கும்படி ஓவென்று அழத் தொடங்கினார். "சார், என்ன ஒண்ணும் பண்ணிடாதீங்க சார், எல்லாம் சொல்லிடறேன் சார், எங்கேர்ந்து ஆரம்பிக்கறது சார்..."

அழுதுகொண்டே, சாம்பார் அடுப்பைக் குறைத்து வைக்கும்படி நர்மதாவுக்குக் கையைக் காட்டினார்.