இறுக்க மட்டும் பழகிய உடம்பு

மலேசியாவில், ஈப்போ நகரத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் என்னைத் திடுக்கிட வைத்தது மிகச் சின்ன விஷயம். பக்கத்து மேசைப் பரமேஸ்வரி அக்கா, ஆண்கள் நாலு பேர் நிற்கும்போதே எழுந்து, "முதலாளி, தாண்டாஸ் போயிட்டு வாரேன்" என்பார். தாண்டாஸ் என்றால் கழிவறை. முதலாளி தலையைக்கூட நிமிர்த்த மாட்டார். எனக்குத்தான் காது சூடாகும். மத்தியானம் சாப்பாட்டு நேரம்வரை நான் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அதை ஒரு சாமர்த்தியம் என்றே அப்போது நினைத்திருந்தேன்.

அந்தச் சாமர்த்தியம் தேவகோட்டையில் கற்றது. என் கணவர் வீடு பழைய காலத்துப் பெரிய வீடு. கழிவறை இரண்டு கட்டுகளையும் தாண்டித் தோட்டத்துப் பக்கம். கல்யாணம் முடிந்து பத்து நாளைக்கு வீடு கொள்ளாத சொந்தக்காரர்கள். எல்லோரையும் தாண்டித்தான் பின்னால் போகவேண்டும். புதுப்பெண் ஒரே காலையில் இரண்டு தடவை போனால் போதும், "என்ன, அதுக்குள்ள விசேஷமா?" என்று யாராவது ஒரு ஆச்சி கேட்பார், கூடமே சிரிக்கும். அந்தச் சிரிப்புக்குப் பயந்து தண்ணீர் குடிப்பதைக் குறைத்தேன். வயிற்றை எக்கிக்கொண்டு, தொடையைச் சேர்த்து வைத்துக்கொண்டு, அடக்கமான பெண் என்று பேரும் வாங்கினேன்.

விசேஷம் மட்டும் வரவில்லை. ஊரில் இருந்து இதைப் படிப்பவர்களும், என்னைப்போலத் தாலியோடு விமானம் ஏறி வந்தவர்களும் முகம் சுளிக்கக்கூடும். சுளித்தால் சுளிக்கட்டும். எங்களுக்குப் பிள்ளை பிறக்காததற்குக் காரணம் எளிமையானது. எங்களால் உடல் சேர முடியவில்லை. அவர் நெருங்கினால் என் உடம்பு நான் கேட்காமலே இறுகிக்கொள்ளும். வலியில் பல்லைக் கடிப்பேன், அவர் விலகிப் படுத்துக்கொள்வார். காலையில் இருவரும் காப்பியைப் பற்றிப் பேசுவோம். நல்ல மனிதர், ஒரு நாளும் குத்திக்காட்டியதில்லை. அதனாலேயே எனக்கு இன்னும் அழுகை வரும்.

ஈப்போவில் ஒரு சீன டாக்டரம்மாவைப் பார்த்தோம். இரத்தம், ஸ்கேன், அவருக்கான சோதனை எல்லாம் சரியாகவே வந்தன. "ஒழுங்காகச் சேர்கிறீர்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் தலையை ஆட்டினேன். அது எங்கள் ஊர் ஆட்டல், ஆமாமும் இல்லை, இல்லையும் இல்லை. அவர் ஆமாம் என்று எடுத்துக்கொண்டு கருத்தரிக்க மாத்திரை எழுதினார். அந்த மாத்திரையை ஒரு வேளைகூடத் தவறாமல் விழுங்கிய என் அறிவை என்ன சொல்ல.

பிறகொரு நாள் உள்ளே வைத்துப் பார்க்கும் ஸ்கேனுக்காகப் படுக்க வைத்தபோது நான் கட்டிலின் தலைமாட்டுக்கே ஏறிவிட்டேன். டாக்டரம்மா விஷயம் புரிந்து கருவியைக் கீழே வைத்தார். "மருந்தை நிறுத்து. முதலில் இடுப்புத்தளத் தசைக்குச் சிகிச்சை எடு" என்று ஒரு பிசியோதெரபிஸ்டிடம் அனுப்பினார். இடுப்புத்தளத் தசை என்றால் சிறுநீரை அடக்கும் அடித்தசை. பிசியோதெரபி முழங்கால் வலிக்காரர்களுக்கு என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

அங்கே முறை வருவதற்குச் சில வாரம் இருந்தது. சும்மா இருப்பானேன் என்று கைப்பேசியில் தேடினேன். இடுப்புத்தளப் பயிற்சி என்று போட்டால் எல்லாப் பெண்களும் ஒன்றையே சொன்னார்கள்: இறுக்கு, பிடித்து வை. எனக்குத்தான் அது கைவந்த கலையாயிற்றே. தாளிக்கும்போது இறுக்கினேன், சிவப்பு விளக்கில் நிற்கும்போது இறுக்கினேன், கந்த சஷ்டி விரதத்தில் பட்டினியோடு இறுக்கினேன். வலி முன்னைவிட மோசமானது.

அந்தப் பிசியோதெரபிஸ்ட் பெயர் கோமதி. பத்து காஜா என்ற ஊர்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவள். தோட்டம் வீட்டுமனையானதும் குடும்பம் ஈப்போவின் புந்தோங்குக்கு வந்ததாம். என்னைவிட இளையவள். நான் பெருமையாகச் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டுக் கையை நீட்டச் சொன்னாள்.

"கைய இறுக்கி மூடுங்கக்கா. இன்னும் கொஞ்சம். இப்ப இந்தப் பேனாவ வாங்கிக்குங்க."

மூடிய கையால் எப்படி வாங்குவது என்று விழித்தேன்.

"அதான் லா. உங்க தசைக்குப் பலம் இல்லாம இல்ல, விடத்தான் தெரியல. சின்ன வயசுலேர்ந்து ஒண்ணுக்கு அடக்குவீங்களா?"

ஒரு படித்த பெண் என்னிடம் கேட்கும் கேள்வியா இது என்று முதலில் கோபம் வந்தது. பிறகு தேவகோட்டை வீட்டைப் பற்றி ஒன்றுவிடாமல் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"இன்னிக்கு நான் தொட்டுப் பாக்கலாமாக்கா? வேணாம்னா வேணாம்."

"வேணாம்" என்றேன்.

"சரி, மூச்சு மட்டும் பழகிட்டுப் போலாம்" என்றாள். அவ்வளவுதான். வெளியே வந்து காரில் உட்கார்ந்து அழுதேன். கணவர் பதறிப்போய்த் தே தாரிக் டீ வாங்கி வந்து நீட்டினார்.

கோமதியின் மூச்சுப் பயிற்சி இதுதான்: முழங்காலை மடக்கிப் படுத்து, மூச்சை உள்ளே இழுக்கும்போது வயிறு மேலே வரட்டும் என்று விடவேண்டும். அப்போது அடித்தசையும் இளகிக் கீழே இறங்கும். கேட்க ஒன்றுமில்லாத வேலை. எக்கியே பழகிய வயிற்றை விடுவதற்கு எனக்கு மாதக்கணக்கானது. பிறகு அவள் தொட்டுப் பார்க்கச் சம்மதித்தேன். அதன் பிறகு விரல் அளவில் தொடங்கிப் படிப்படியாகப் பருக்கும் சிலிக்கோன் குழாய்களை வீட்டில் உள்ளே வைத்துப் பழகினேன். "பிள்ள வரும்னு நான் சொல்லமாட்டேங்கா. வலி இல்லாம வழி விடுறதுதான் என் வேல" என்று கோமதி அடிக்கடி சொல்வாள். வலி பாதியாகக் குறைந்திருந்த சமயத்தில்தான் மாமியாரின் போன் வந்தது.

மதுரையில் பெரிய ஆஸ்பத்திரியில் டெஸ்ட் டியூப் சிகிச்சைக்கு நாள் வாங்கிவிட்டாராம். "டிக்கெட்டும் போட்டாச்சு ஆத்தா, கிளம்பி வாங்க." போனால் இரண்டு மாதம் அங்கேதான். பயிற்சி விட்டுப்போகும். ஊசிகளும் கருவிகளும், தொடட்டுமா என்று கேட்காத கைகளும் காத்திருக்கும். கணவர், "நான் பேசவா?" என்றார். நானே பேசினேன். மென்று விழுங்காமல் முழுதும் சொன்னேன்.

"அவுக அந்த ஈப்போ கடையிலேருந்து ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா வருவாக" என்றார் மாமியார், தன் கணவரைச் சொல்லி. "வந்தாகன்னா வீடே சந்தோசப்படும். எனக்கு மட்டும் ராத்திரி வருதேன்னு பயமா இருக்கும். பெரியவன் பொறக்க ஏழு வருசம். ராமேஸ்வரம் போய்ட்டு வந்தேன், நாகப் பிரதிட்டை பண்ணினேன். வலிக்குதுன்னு யாருட்ட ஆத்தா சொல்றது?"

நான் போனைக் காதோடு சேர்த்து வைத்துக்கொண்டேன்.

"டிக்கெட்ட ரத்து பண்ண நான் பாத்துக்கிறேன். இந்த வைத்தியம் அங்கதான் இருக்கா?"

"மதுரையிலயும் இருக்கும் அயித்தை. நாமதான் கேக்கல."

"அந்தப் பொண்ணு என்னதான் செய்யச் சொல்லுது? சொல்லு, கேப்போம்."

பிள்ளை இன்னும் வரவில்லை. வலி போய்விட்டது, மாதம் ஒரு முறை எதிர்பார்ப்பும் ஏமாற்றமும் எல்லாப் பெண்களையும்போல எனக்கும் வருகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் மாமியார் கூப்பிடுகிறார். தன் கணவர் ஆயுள் முழுதும் கடை வைத்திருந்த இந்த ஊரை அவர் பார்த்ததே இல்லை. அங்கே கூடத்தில் அவரும் இங்கே படுக்கையறையில் நானும் முழங்காலை மடக்கி, போனைத் தலைமாட்டில் வைத்துப் படுத்துக்கொள்கிறோம். "வயித்த அடக்காதீங்க அயித்தை, விடுங்க" என்கிறேன். தேவகோட்டையிலிருந்து ஒரு நீண்ட மூச்சு என் காதுக்கு வந்து சேருகிறது. அது முடிந்த பிறகுதான் நான் என் மூச்சை விடுகிறேன்.