ஜெர்மன் பீரும் ஏழுமலையின் அட்டையும்

குடித்தவர் மறுநாள் காலையில் எல்லாவற்றையும் மறந்துவிடுவார். ஊற்றிக் கொடுத்தவனுக்குத்தான் எதுவும் மறக்காது. பார் வேலையின் சாபம் அது. ஓட்டல், லாட்ஜ், கல்யாண மண்டபம் என்று எங்கேயாவது நின்றபடியே பிழைக்கும் என் இனத்தாருக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. கால் வீங்கும், இடுப்பு விட்டுப்போகும், முகத்தில் மட்டும் சிரிப்பு ஒட்டிக்கொண்டு நிற்கும்.

திருவண்ணாமலையில், வேங்கிக்கால் பக்கம் இருக்கும் ஒரு ஓட்டல் பாரில் நான் கேப்டன். கேப்டன் என்றதும் பெருமையாக நினைத்துவிடாதீர்கள். வாடிக்கையாளர் திட்ட ஆரம்பித்தால் முதலில் போய் நிற்க வேண்டியவன், அவ்வளவுதான். அந்த பாரில் ஒரு முறை ஜெர்மன் பீர் வாரம் நடத்தினோம்.

பேனர்

எங்கள் முதலாளியின் அக்கா மகன் ஜெர்மனியில் படித்துவிட்டு வந்தவன். நாங்கள் அவனை மருமகப்பிள்ளை என்போம், அவன் காதுபடாமல். அந்த நாட்டில் ஊருக்கு ஊர் பீர் வேறாம். ஓர் ஊரில் கோதுமையில் காய்ச்சுவார்களாம், ஓர் ஊரில் உப்புப் போடுவார்களாம், ஓர் ஊரில் புகை போடுவார்களாம். இதையெல்லாம் மாமன் காதில் ஓதி ஓதி, கடைசியில் பெட்டி பெட்டியாகச் சரக்கை இறக்கிவிட்டான். வாசலில் ஆளுயரத்துக்கு ஒரு பேனர் கட்டினான். ‘ஜெர்மன் பீர்த் திருவிழா’ என்று எழுதி, பின்னால் எங்கள் ஊர் சாமி மலையும் முன்னால் நுரை பொங்கும் கிளாஸும் போட்டிருந்தான்.

நான் வேண்டாம் என்றேன். நீங்கள் பழைய காலத்து ஆள் என்றான். மத்தியானத்துக்குள் பேனர் இறங்கிவிட்டது. இறக்க வைத்தவர் போலீஸும் இல்லை, கோயில்காரரும் இல்லை. ரிட்டையர்டு பஸ் கண்டக்டர், எங்கள் பாருக்கு ஒரு நாள் தவறாமல் வருபவர். வாசலிலேயே நின்றுகொண்டு உள்ளே வரமாட்டேன் என்றுவிட்டார்.

“நான் தெனமும் குடிக்கிறவன்தான், இல்லன்னு சொல்லல. ஆனா மலையைக் காட்டி பீர் விக்கிற எடத்துல நான் வந்து ஒக்காரமாட்டேன்.”

மோந்து பார்த்தவன்

புதுப் பேனரில் திருவிழா வாரமாகச் சுருங்கியது. மலை போய், அந்த இடத்தில் ஒரு காற்றாலை வந்தது. அது ஜெர்மனிதானா என்று யாரும் கேட்கவில்லை. பரிமாறுகிற எல்லோரும் எல்லா பீரையும் ருசி பார்க்க வேண்டும், கேட்டால் விளக்க வேண்டும் என்று மருமகப்பிள்ளை எங்களை வரிசையாக நிற்க வைத்தான். ஓசியில் கிடைத்ததால் பையன்கள் முண்டியடித்தார்கள். ஏழுமலை மட்டும் கையை நீட்டவில்லை.

ஏழுமலை எங்கள் பாரின் சீனியர் சர்வர். ஒரு காலத்தில் எங்களில் அவனைப் போல் குடித்தவன் கிடையாது. வயிறு வீங்கி, கண் மஞ்சளாகி, வேலூரில் டாக்டர் கையை விரிக்காத குறையாக எச்சரித்து அனுப்பினார். அவன் மனைவி கலா ஊர் அம்மன் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போய்க் கயிறு கட்டினாள். குடியை விட நினைப்பவன் கோயிலில் கயிறு கட்டிக்கொள்வது எங்கள் பக்கத்து வழக்கம். கயிறு கட்டியவன் கெஞ்சினாலும் எங்கள் பாரில் ஊற்றமாட்டோம். சோடா கொடுத்து அனுப்பிவிடுவோம். ஊற்றுகிறவனே கயிறு கட்டியிருந்தால் என்ன செய்வது என்று யாரும் யோசித்து வைக்கவில்லை. வேறு வேலை தேடினான், அமையவில்லை. இன்னொரு முறை குடித்தால் பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விடுவேன் என்று கலா சொல்லியிருந்தாள். சொன்னால் செய்கிறவள்.

ருசி தெரியாதவன் எப்படி விற்பான் என்று முதலாளி முறைத்தார். ஏழுமலை ஒவ்வொரு கிளாஸாக எடுத்து மோந்து பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினான்.

“நீங்க குடிச்சிட்டு எப்படி இருக்குன்னு சொல்லுங்கண்ணா. நான் கேட்டுக்கினு போய் அவங்களுக்குச் சொல்றேன்.”

புகை

உப்பும் கொத்தமல்லி விதையும் போட்ட பீரைக் குடித்துவிட்டு, ரசம் மாதிரி இருக்கிறதே, இதற்கு அப்பளம் இல்லையா என்று கேட்டார்கள். கோதுமை பீர் கலங்கலாக இருக்கிறது, கெட்டுப் போனதைத் தள்ளிவிடுகிறீர்களா என்று சண்டைக்கு வந்தார்கள். அதெல்லாம் தாங்கிக்கொள்ளலாம்.

இரண்டாம் நாள் கீழ்பென்னாத்தூரிலிருந்து, மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலை வியாபாரி ஒருவர் நாலு பேரோடு வந்தார். தலை ஈரமாக இருந்தது. ஏதாவது ஒன்று கொண்டு வா, யோசிக்கிற நிலைமையில் நான் இல்லை என்றார். கவனமாகக் கேட்டிருக்க வேண்டிய வார்த்தை. விறகுப் புகையில் தானியத்தை உலர்த்திக் காய்ச்சின கறுப்பு பீர் ஒன்று விற்காமல் கிடந்தது. ஏழுமலை அதைக் கொண்டுபோய் வைத்தான். கிளாஸை மூக்கருகே கொண்டு போன அவர் கை அப்படியே நின்றுவிட்டது. கூட வந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

“இப்பதான் எங்கப்பாவை எரிச்சிட்டு, தலைக்கு ஊத்தினு வந்து ஒக்காந்தேன். இதுலயும் அதே பொகைதான் வருது, இன்னாப்பா இது?”

சட்டை

ஏழுமலை பதறிப்போய் அந்தக் கிளாஸைப் பிடுங்கினான். பாதி அவன் சட்டையில் கொட்டிவிட்டது. அலசிப் பார்த்தான், வாசனை போகவில்லை. அப்படியேதான் வீட்டுக்குப் போனான்.

மறுநாள் காலையில் கலாவிடமிருந்து போன். அவள் என்னைக் கூப்பிட்டதே இல்லை. “அண்ணா, மறைக்காம சொல்லுங்க, அவரு குடிச்சாரா?” என்றாள். இல்லம்மா, சட்டையில் கொட்டிக்கொண்டது, நான் பக்கத்திலேயேதான் இருந்தேன் என்றேன். என் பெண்டாட்டி மேல் சத்தியம் செய்யக்கூடத் தயாராக இருந்தேன். மறுபக்கம் குழந்தையைப் பள்ளிக்கூடத்துக்குக் கிளப்புகிற அரவம் மட்டும் கேட்டது. அன்றைக்கு ஏழுமலை சாப்பாட்டு டப்பா இல்லாமல் வந்தான். வீட்டில் பேச்சு நின்றுவிட்டது என்று கேட்காமலே தெரிந்தது. பாரில் வேலை செய்கிறவன் சொல்லும் உண்மைக்கு இவ்வளவுதான் மதிப்பு. கலாவைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவள் போனை வைக்கும் முன் சொன்னது அப்படி.

“கொட்டிக்கிச்சுன்னுதாண்ணா அவரும் இத்தினி வருஷமா சொல்லினு இருந்தாரு.”

உர்சுலாம்மா

ஆசிரமத்துப் பக்கம் வீடு எடுத்துத் தங்கியிருக்கும் ஜெர்மன்காரப் பெண்மணி ஒருவர் ஒரு மத்தியானம் வந்தார். பருத்திப் புடவை, நெற்றியில் விபூதி. ஊரில் எல்லோரும் உர்சுலாம்மா என்பார்கள். தமிழ் நன்றாகப் பேசுவார். குடிக்க வரவில்லை, எங்கள் ஊர் பீர் வந்திருக்கிறது என்றார்கள், பார்த்துவிட்டுப் போகிறேன் என்றார். கொலோன் என்பது அவர் ஊர். அங்கே பீரைச் சின்னச் சின்ன கிளாஸில்தான் தருவார்களாம். காலியானதும் கேட்காமலே அடுத்தது வருமாம். போதும் என்று வாயால் சொல்ல வேண்டியதில்லை. கிளாஸுக்கு அடியில் வைக்கும் வட்ட அட்டையை எடுத்து மேலே வைத்து மூடிவிட்டால், அதற்குப் பிறகு எந்த சர்வரும் ஊற்றமாட்டானாம்.

ஏழுமலை டிரேயைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான். “அப்படி நெசமாவே மூடுவாங்களாம்மா?” என்றான். உர்சுலாம்மா பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மேஜையில் வைத்தார்.

“மூடுவாங்க. எங்க அப்பா மட்டும் ஒரு நாளும் மூடல.”

திறந்துவிடும் நண்பர்கள்

மருமகப்பிள்ளைக்கு இந்த வழக்கம் ரொம்பப் பிடித்துவிட்டது. அட்டை அச்சடித்து எல்லா மேஜையிலும் போட்டு, மூடுகிறவரை ஊற்றிக்கொண்டே இருங்கள் என்று உத்தரவிட்டான். பந்தியில் இலையைக் கையால் மறைத்தாலும் விரல் சந்தில் பாயசம் ஊற்றுகிற ஊர் இது. விட்டால் சொல்லவா வேண்டும்?

நம் ஆட்களும் மூடத்தான் செய்தார்கள். பக்கத்தில் இருக்கிறவன் அட்டையை எடுத்துவிட்டான். இவன் மறுபடி மூட, அவன் மறுபடி எடுக்க, நாங்கள் ஊற்ற, ஒரே பாசம். ஓர் ஆபீஸ் கூட்டத்தில் ஒருவர், மாத்திரை சாப்பிடுகிற உடம்பு என்று கெஞ்சி இரண்டு கையாலும் அட்டையை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். ஒருத்தன் கையைப் பிடிக்க, இன்னொருத்தன் உருவிவிட்டான். பாட்டிலும் கையுமாக நின்ற ஏழுமலை, “அவருதான் மூடிட்டாரே சார்” என்றான். உருவியவன் அட்டையை விசிறிக்கொண்டே சிரித்தான்.

“அவன் மூடுவான், நாமதாம்பா தொறந்து உடணும். இல்லன்னா ஃப்ரெண்டுன்னு நாங்க எதுக்கு இருக்கோம்?”

பௌர்ணமி

கடைசி நாள் பௌர்ணமியில் விழுந்தது. தேதி குறித்தவன் காலண்டரைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். ஊர் முழுக்க கிரிவலக் கூட்டம், வண்டியெல்லாம் ஊருக்கு வெளியே நிறுத்தம். பாருக்கு வர ஒரு ஈ காக்கை இல்லை. மத்தியானமே முதலாளி மனம் வெறுத்துப்போய், திறந்த பெட்டியில் மிச்சமிருப்பதை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார்.

பையன்களுக்குக் கொண்டாட்டம். ஒரு வாரமாக மோந்து மோந்து விற்றவன், ஒரு வாய் குடித்தால்தான் என்ன என்று ஏழுமலைக்கு ஒரு சின்ன கிளாஸில் ஊற்றி முன்னால் வைத்தார்கள். அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். சொல்லக் கூசுகிறது, குடித்துவிடுவான் என்றுதான் நானும் நினைத்தேன். வீட்டில் பேச்சில்லை, சோறில்லை, குடிக்காமலே குடிகாரன் என்ற பேர். ஒரு மனுஷன் எவ்வளவுதான் தாங்குவான்? அவன் அட்டையை எடுத்து கிளாஸை மூடினான். ஒருத்தன் சிரித்துக்கொண்டே எடுத்தான். இவன் மறுபடி மூடி, அதன் மேல் கயிறு கட்டிய கையை வைத்துக்கொண்டான். அந்தக் கையை எடுக்க யாருக்கும் தைரியம் வரவில்லை. கிளம்பும்போது அந்த அட்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

“பாட்டிலை நீங்க வச்சிக்கங்கண்ணா. எனக்கு இது போதும், வூட்ல ஒருத்தருக்குக் காட்டணும்.”

படையல்

மறுநாள் ஏழுமலை சாப்பாட்டு டப்பாவோடு வந்தான். திறந்து என் முன்னால் நீட்டினான். கத்தரிக்காய்க் குழம்பு. கலா வைத்தது. அவ்வளவு சந்தோஷமாக நான் யாருடைய குழம்பையும் சாப்பிட்டதில்லை.

ஆனால் ஈரல் கயிற்றுக்குக் கட்டுப்படவில்லை. குடியை விட்டது தாமதம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாரியம்மன் கூழ் ஊற்றுகிற மாதத்தில் போய்விட்டான். சாவுக்கு வந்தவர்கள் எல்லோரும் ஒரே வாயாக, பாரில் வேலை, பின்னே என்ன ஆகும், குடித்தே செத்தான் என்றார்கள். இல்லை, கடைசி வரைக்கும் ஒரு சொட்டு தொடவில்லை என்று நான் சொன்னேன். சொன்னவன் யார் என்று பார்த்துவிட்டு, பேச்சை மாற்றினார்கள்.

கருமாதிக்குப் போயிருந்தேன். படத்துக்கு முன்னால் இலை போட்டு, அவனுக்குப் பிடித்ததையெல்லாம் வைத்தார்கள். இறந்தவருக்குப் பிடித்தது எதையும் விடாமல் படைப்பது எங்கள் பக்கத்து முறை. அவன் அண்ணன் மறக்காமல் ஒரு பீர் வாங்கி வந்திருந்தார். அழுதுகொண்டேதான் கிளாஸில் ஊற்றினார். தம்பி மேல் அவருக்கும் பாசம்தான். கலா எழுந்து உள்ளே போனாள். அந்த அட்டையைக் கொண்டு வந்தாள், ஓரமெல்லாம் நைந்திருந்தது. கிளாஸ் மேல் வைத்தாள். “எடும்மா, அவனுக்குப் புடிச்சது” என்று அண்ணன் கையை நீட்டினார். அவள் தன் கையை அட்டையின் மேல் வைத்து அழுத்திக்கொண்டாள். சத்தம் போடவில்லை, ஆனால் அங்கே இருந்த எல்லோருக்கும் கேட்டது.

“தொறக்காதீங்க மாமா. அவரு மூடிட்டுத்தான் போனாரு.”

எங்கள் பாரில் மறுபடியும் உள்ளூர் பீர்தான் ஓடுகிறது. மிச்ச அட்டைகள் ஸ்டோர் ரூமில் கட்டுக்கட்டாகக் கிடக்கின்றன, இதுவரை ஒருவர்கூட ஒன்று கொடு என்று கேட்டதில்லை.