நஷ்டக் கணக்கில் வரும் வியாபாரி

"ஒரு வியாபாரி நூறுக்கு வாங்கின பொருளைத் தொண்ணூறுக்கு வித்தான்..." என்று ஆரம்பித்துவிட்டு, டியூஷன் எடுக்கும் என் அக்கா என் பக்கம் ஒரு பார்வை பார்ப்பாள். பிள்ளைகள் குனிந்து சிரிக்கும். லாபக் கணக்கில் வரும் வியாபாரி யாரோ எவரோ. நஷ்டம் வந்தால் அது நான்தான். அவள் வீட்டுப் பின்னறையில் பை தைத்து விற்கிறேன்.

கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டு வீடு முழுக்கத் தேடுகிறவள் அக்கா. ஆனால் சதவீதம் மட்டும் தூக்கத்திலும் தப்பாது. போன வருடம் நான் விலையை இருபது சதவீதம் ஏற்றி, 'இருபது சதவீதத் தள்ளுபடி' என்று அட்டை மாட்டி, எப்படி என் மூளை என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். "நாலு சதவீதம் உனக்கே நாமம் போட்டுக்கிட்டடா" என்று அட்டையைக் கழற்றினாள். பேரம் பேசாமல் அவள் உப்புகூட வாங்கியதில்லை. துணிக்கடையில் அவளைக் கண்டதும் விற்பனைப் பெண் முதலாளியைக் கூப்பிட்டுவிடுவாள். என்னிடமும் அதே கதைதான். "கூடப்பிறந்தவகிட்ட என்னடா லாபம்?" என்று என் முதல் பையை அடக்க விலைக்கும் கீழே பேசித் தூக்கிக்கொண்டு போனாள்.

போன வாரம் அவளிடம் கணக்கு ஒப்பித்தேன்: துணி தொண்ணூறு, ஜிப்பும் நூலும் இருபது, விற்பது நூற்று நாற்பதுக்கு, பைக்கு முப்பது லாபம். அப்புறம் ஏன் கையில் ஒன்றும் நிற்கவில்லை என்றுதான் புரியவில்லை. இந்த மாதமும் இப்படியே போனால், வீராப்பாக விட்டுவிட்டு வந்த ஆபீசில் போய்ப் பல்லிளிக்க வேண்டும்.

அவள் அன்று சாயங்கால வகுப்பில் என் கணக்கையே பலகையில் எழுதி, கீழே 'தையல் கூலி' என்று ஒரு வரி சேர்த்தாள். ஆள் வைத்தால் பைக்கு என்ன கொடுப்பேன் என்று என்னைக் கேட்டாள். ஐம்பது என்றேன். எழுதினாள்.

"நான்தானேக்கா தைக்கிறேன், எனக்கெதுக்குக் கூலி?"

"ஏன், நீ சாப்பிட மாட்டியா?"

'நஷ்டம் இருபது' என்று வகுப்பே ஒரே குரலில் சொன்னது. என் மானம் கப்பலேறியது. அவள் நூற்று நாற்பதை அழித்துவிட்டு நூற்றெண்பது என்று எழுதினாள். அந்த விலையைச் சொல்ல எனக்கு வாயே வராது, கேட்கிறவர்கள் அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள் என்று முனகினேன்.

பிள்ளைகள் போனதும் பின்னறைக்கு வந்தாள். நீல நிறப் பை ஒன்றை எடுத்து, உள்ளும் புறமும் திருப்பி, ஜிப்பை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தாள். பேரம் ஆரம்பிக்கப்போகிறது என்று நானே முந்திக்கொண்டு, "உனக்குன்னா நூத்திப்பத்து..." என்றேன்.

அவள் நூற்றெண்பதை எண்ணி என் தையல் மெஷின் மேல் வைத்துவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போனாள்.