பெங்களூரில் வளரும் மலிகாவின் இன்னொரு மூளை

ரவிக்கையின் இடது கையை வலது பக்கம் வைத்துத் தைத்துவிட்டு, அதைப் பிரித்துக்கொண்டே வாடிக்கைக்காரியிடம் சிரிக்கிறாள் மலிகா. "என்ன செய்ய? ஊருல எல்லாருக்கும் மூளை ஒண்ணு, எனக்கு ரெண்டு. நல்லது பெங்களூருல பத்திரமா இருக்கு. வேலைக்கு ஆகாததத்தான் இங்கன வச்சிருக்கேன்."

சொல்வது பொய்யில்லை. கடலோரப் பெரியபட்டினத்தில், உப்புக் காற்றில் துருப்பிடிக்காமல் இருக்கத் தையல் மிஷினுக்கு ஓயாமல் எண்ணெய் விட்டுப் பிழைப்பவள் அவள். அவளுடைய இரத்தமும், கத்தாரிலிருந்து விடுப்பில் வந்திருந்த கணவன் ஜாபர் சாதிக்கின் இரத்தமும், ஏழு வயது மகள் சஃபாவின் இரத்தமும் பெங்களூர் ஆராய்ச்சிக்கூடம் ஒன்றுக்குப் போயின. சஃபாவுக்குத் தலை சிறியது, பேச்சு வரவில்லை. அங்கே அந்த இரத்த அணுக்களை, எந்த உறுப்பாகவும் வளரக்கூடிய ஆதிநிலைக்குத் திருப்புகிறார்கள். ஸ்டெம் செல் என்று பேர். அதிலிருந்து பயறு அளவு மூளை உருண்டை வளர்கிறது. தாயுடையது ஒரு தட்டில், மகளுடையது ஒரு தட்டில். இரண்டையும் ஒப்பிட்டால், வயிற்றுக்குள் இருந்தபோது கோளாறு எங்கே தொடங்கியது என்று, பிள்ளையின் தலையைத் தொடாமலே பார்த்துவிடலாமாம்.

உருண்டை நினைக்காது, அதற்கு வலிக்காது, அது சஃபாவும் அல்ல என்று அங்கே வேலை பார்க்கும் வினோத்குமார் எத்தனையோ முறை சொல்லியாயிற்று. சரி தம்பி, சரி தம்பி என்பாள். அடுத்த மூச்சிலேயே, உருண்டை மிதக்கும் சத்துநீரைக் கேட்டு, "புள்ளைக்கு இன்னைக்கு ஆகாரம் மாத்தியாச்சா?" என்பாள்.

ஒருமுறை தர்காவில் ஓதி வாங்கிய தண்ணீரைப் பாட்டிலில் அடைத்து, தேங்காய்ப்பாலில் கிண்டிய தொதல் அல்வாவும் சேர்த்துக் கூரியரில் அனுப்பிவிட்டாள். தொதல் தம்பிக்கு; தண்ணீர் உருண்டைக்கு, ஒரே ஒரு சொட்டு. பதறிப்போய் அழைத்தான் வினோத்குமார். வெளித்தண்ணீர் பட்டால் கிருமி ஏறி மொத்தமும் அழுகிவிடும் என்றான். அன்று தெரு முழுக்கத் தலையில் அடித்துக்கொண்டு இவளே போய்ச் சொன்னாள். "தொதலயும் கரைச்சு ஊத்துங்கன்னு சொல்லாம விட்டேனே, அந்த மட்டுக்கும் புத்தி இருந்துருக்கு."

அவள் சிரிக்காத இடம் ஒன்று உண்டு. சஃபா வயிற்றில் இருந்தபோது கிரகணத்தன்று பெருநாள் துணி வெட்டினாள். பிள்ளைத்தாய்ச்சி அந்த நேரத்தில் கத்திரியைத் தொடக் கூடாது என்பது அந்தப் பக்கத்தில் எல்லா வீட்டுப் பேச்சும்தான். சித்தி ஜுனைதா மட்டும் ஒருதரம், கொஞ்சம் பொறுத்து வெட்டியிருக்கலாமே என்று இழுத்தாள். ஜாபர் சாதிக் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்காததுதான் மலிகாவைத் தின்றது. அடுத்தவர் ஏசுவதற்கு முன் தன்னைத் தானே ஏசிச் சிரித்துவிட்டால், அந்தக் கிரகணப் பேச்சை யாரும் எடுக்க மாட்டார்கள் என்று ஒரு கணக்கு அவளுக்கு.

போன வாரம் வினோத்குமாரே அழைத்தான். போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு மிஷினை மிதித்தபடி கேட்டாள். சஃபாவின் உருண்டை தாயுடையதைவிடச் சிறிதாகவே நின்றுவிட்டது. அவள் மரபணுவில் ஓர் இடம் மாறியிருக்கிறது. அது தாயிடமும் இல்லை, தகப்பனிடமும் இல்லை, தானாக வந்தது. அந்த ஓர் இடத்தை மட்டும் சரிசெய்து, சஃபாவின் அணுவிலிருந்தே இன்னோர் உருண்டை வளர்த்தார்கள். அது தாயுடையதைப் போலவே பெருத்தது. இதற்கு மருந்து இன்னும் இல்லை, அவசரப்பட்டு ஆசை வைக்க வேண்டாம் என்றும் சேர்த்துச் சொன்னான்.

மிஷின் நின்றது.

"அப்ப, கிரகணத்துல நான் துணி வெட்டுனது, தம்பி?"

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லக்கா. நீங்க செஞ்சது எதுவும் காரணமில்ல."

வாசலில் சித்தி ஜுனைதா நின்றிருந்தாள். அவளைக் கூப்பிட்டுக் கேட்க வைப்பாள் என்றுதான் யாருக்கும் தோன்றும். மலிகா ஸ்பீக்கரை அணைத்தாள். துண்டுத் துணிகளுக்கு நடுவே பொத்தான்களை உருட்டிக்கொண்டிருந்த மகளின் பக்கத்தில் போய்க் குந்தினாள்.

"இப்பச் சொன்னத எம்புள்ளகிட்ட ஒருக்காச் சொல்லுங்க தம்பி."

போனைச் சஃபாவின் காதில் வைத்துப் பிடித்துக்கொண்டு, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.