மதிலில் போட்ட வட்டங்கள்

அன்று பின்பக்க மதில் ஓரம் நின்றவர்கள்: திருப்பணிக் கமிட்டித் தலைவர், கொத்தனார், சிலந்தி ஆராய்ச்சிக்கு வந்த மேடம், காவல்காரன் நான். மேடம் கையில் பூதக்கண்ணாடி. மதிலில் வெள்ளை வட்டங்கள்.

சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் கோவில் சிறியது. மதில் பழைய சுண்ணாம்புக் காறை, எங்கும் விரிசல். அந்தப் பொந்துகளில் ஒரு சிலந்தி இருந்தது. அரிசி அளவுதான். வலை கட்டாது. எறும்பை மட்டும் பிடித்துத் தின்னும். மற்ற இடங்களில் அழிந்துகொண்டு வருகிறது என்று மேடம் சொன்னார். ஒரு வருடம் பஸ் ஏறி வந்தார். வெயிலில் குந்தி உட்கார்ந்து, சிலந்தி இருக்கும் பொந்தைச் சுற்றிச் சாக்பீஸால் வட்டம் போடுவார். என்னை அண்ணா என்பார். டப்பாவில் கொண்டுவரும் தயிர்சாதத்தில் பாதி எனக்கு.

கும்பாபிஷேகத்துக்கு மதில் முழுக்க சிமெண்டு பூச முடிவானது. மேடம் தலைவரிடம் போய் நின்றார்.

"உயிரோட ஒண்ணே ஒண்ணு காட்டும்மா. அந்தச் செவுத்த தொடமாட்டோம்" என்றார் அவர். நாள் குறித்தார்கள்.

முந்தின வாரம் மழை. வட்டங்கள் அழிந்துவிட்டன, தடம் மட்டும் லேசாகத் தெரிந்தது. மேடம் ஊரில் இல்லை. வந்து தேடுவாரே என்று நானே போட்டேன். மடப்பள்ளியில் வெல்ல டின் பக்கத்தில் ஒரு துண்டு சாக்பீஸ் கிடந்தது. டின்னைச் சுற்றிக் கோடு போட வைத்திருந்த எறும்பு மருந்துச் சாக்பீஸ் அது. எனக்குத் தெரியாது. சாக்பீஸ் என்றால் சாக்பீஸ் என்றிருந்தேன். மறுபடி அழியக்கூடாது என்று அழுத்திப் போட்டேன்.

குறித்த நாளில் மேடம் பொந்து பொந்தாகப் பார்த்தார். வெயில் ஏறியது.

"இன்னா மேடம், எல்லாம் ரேஷன் கடைக்குப் போயிருக்குதா?" என்றார் கொத்தனார். தலைவர் சிரித்தார்.

மேடம் மதிலடியில் சுருண்டு கிடந்த ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்தார். பக்கத்தில் எறும்புகளும் செத்துக் கிடந்தன. வட்டத்தைத் தொட்டு விரலை முகர்ந்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"மழையில அழிஞ்சிபோச்சிம்மா. நான்தான் போட்டேன்."

"எத்தனை பொந்துக்குப் போட்டீங்கண்ணா?"

நான் மதில் பக்கம் திரும்பி வட்டங்களை எண்ணத் தொடங்கினேன்.

"கலவை போடுப்பா" என்றார் தலைவர் கொத்தனாரிடம்.

மேடம் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. அன்றும் பாதிச் சோற்றை எடுத்து வைத்துவிட்டுத்தான் போனார். அப்புறம் வரவில்லை.

இப்போது மதில் வழவழவென்று இருக்கிறது. எறும்புகள் வரிசையாகப் போகின்றன. பிடிக்க ஆளில்லை. காலையில் கதவைத் திறந்ததும் அங்கே போய் நிற்பேன். பூச்சுக்கு அடியில் எந்தெந்த இடம் என்று கைக்குத் தெரியும். தொட்டுக்கொண்டே போவேன். அன்று மேடம் கேட்டதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

பதினேழு.