தனிப் பை

சிவகாசியில் லேபிள் அச்சடிக்கும் கம்பெனி ஒன்றில் நான் வேலை பார்த்த காலம் அது. 2004 என்று நினைவு. பைண்டிங் மேஜையில் நாங்கள் ஐந்து பெண்கள். ஆடி அமாவாசைக்குச் சதுரகிரி மலையேறுவதென்று முடிவானதும், சாப்பாட்டுப் பொறுப்பு என்னிடம் வந்தது.

சமைப்பது பெரிதில்லை. ஐந்து பேருக்கு இரண்டு வேளைச் சோற்றை எதில் வைத்துக் கொண்டுபோவது என்பதுதான் யோசனை. மஞ்சப்பையில் எண்ணெய் கசியும். பாலிதீன் கவரில் கட்டினால் வேர்த்துப்போய் மத்தியானத்துக்குள் கெட்டுவிடும். வயர் கூடையில் கொண்டுபோனால் குரங்கு பிடுங்கிவிடும். கடைசியில் தோளில் மாட்டுகிற ரெக்சின் பை ஒன்றைப் பஜாரில் வாங்கினேன். பெரியது, ஜிப் வைத்தது. மாற்றி மாற்றிச் சுமக்கலாம், எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடலாம் என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

எங்களில் மூத்தவர் ஒரு அக்கா. நான் பிள்ளை பெற்று வேலைக்குத் திரும்பியபோது என் வேலையையும் சேர்த்துப் பார்த்தவர். பையைத் தடவிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்:

“எனக்குத் தனியா ஒரு பை இருக்கட்டும். என் சோத்த நானே கொண்டாந்துர்றேன்.”

ஒரே பையில் போட்டால் என்ன என்று கேட்டேன். அவர் பையை என் பக்கமே நகர்த்தி வைத்தார். மற்ற மூவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு முகம் சுண்டிவிட்டது.

“ஏன், எங்க கைச்சோறு உங்களுக்கு எறங்காதாக்கும்?” என்றேன்.

அவர் தலையைக் குனிந்து தாள் மடிக்கத் தொடங்கினார்.

மலையில் அவர் எங்களுக்குப் பின்னால், நின்று நின்று ஏறினார். சாப்பிடும்போது பத்தடி தள்ளி ஒரு பாறையில் உட்கார்ந்து, துணிப்பையிலிருந்து தூக்குவாளியை எடுத்து, தனியாகச் சாப்பிட்டார். நான் கூப்பிடவில்லை. மற்றவர்களைக் கூப்பிடவும் விடவில்லை.

அதற்குப் பிறகு தீபாவளி ஆர்டர். மூன்று மாதம் பக்கத்தில் பக்கத்தில் நின்றும் அவரிடம் வேலைப் பேச்சைத் தவிர வேறு பேசவில்லை. சீசன் முடிந்ததும் அவர் வேலையை விட்டு நின்றுவிட்டார்.

கார்த்திகையில் மகளுக்குக் காய்ச்சல் என்று அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன். காசநோய் மாத்திரை கொடுக்கும் ஜன்னல் வரிசையில் அக்கா நின்றிருந்தார். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. நான் கிட்டே போனதும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, குழந்தையோடு தள்ளி நிற்கும்படி கை காட்டினார். ஆடிக்கு முன்பே நோய் தெரியும் என்றார். சீசன் நேரத்தில் லீவு கிடைக்காமல் மாத்திரையைப் பாதியில் விட்டிருந்தார்.

“ஒரு வார்த்தை எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்லக்கா.”

“சொன்னா கம்பெனில வச்சிருப்பாகளா? நீ அப்பப் பால் குடுக்கிற பிள்ளக்காரி. உங்கூட ஒண்ணாக் கை நனைக்கப் பயமா இருந்துச்சு.”

அதற்குள் அவரைக் கூப்பிட்டுவிட்டார்கள். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருகிறேன் என்று மட்டும் சொன்னேன். அந்த ஞாயிறு காலண்டர் வேலைக்காக ஓவர்டைம் போட்டார்கள். அடுத்த ஞாயிறும் அப்படியே போனது.

தை பிறந்த இரண்டாம் வாரம், அவர் தவறிவிட்டதாகக் கம்பெனிக்குச் சொல்லி அனுப்பினார்கள். நாங்கள் நால்வரும் போய்ச் சேர்வதற்குள் எடுத்துவிட்டிருந்தார்கள். வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்த அவருடைய வீட்டுக்காரர், யார் நீங்கள் என்று கேட்டார். கூட வேலை பார்த்தவர்கள் என்றேன்.